ஊரும் சான்றும்: ஒரு கலைக்களஞ்சியக் கட்டுரையைத் திருத்திய அனுபவம்

(நம் வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

பத்து ஆண்டுகளாகக் கவிதை பற்றியும் சிறுகதை பற்றியும் பேசி வந்த இந்த மேடையில், இன்று ஒரு கலைக்களஞ்சியக் கட்டுரையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அது பெரிய கட்டுரையும் அன்று. நம் ஊராகிய பல்லாவரத்தைப் பற்றியது. அதைத் திருத்தப் போய் நான் திருந்திய கதை என்று என் உரையைச் சுருக்கிச் சொல்லலாம்.

ஓய்வு பெற்ற தமிழாசிரியனாகிய எனக்கும் இணையத்துக்கும் தொடர்பு ஏற்பட்டது என் பேத்தியால். பள்ளியில், ‘எங்கள் ஊர்’ என்று ஒரு கட்டுரை எழுதிவரச் சொல்லியிருந்தார்கள். அவள் என்னைக் கேட்கவில்லை. கைப்பேசியில் இணையக் கலைக்களஞ்சியத்தைத் திறந்து படித்துவிட்டு, “தாத்தா, நம்ம ஊர்ல இவ்வளவுதானா?” என்றாள். வாங்கிப் பார்த்தேன். ஆறே வரிகள். சென்னையின் தெற்கே உள்ள புறநகர், தொடர்வண்டி நிலையம் உண்டு, விமான நிலையம் அருகில் உள்ளது, மக்கள் தொகை இவ்வளவு. ஊரைக் காஞ்சிபுரம் மாவட்டத்து நகராட்சி என்று அது சொல்லிக்கொண்டிருந்தது. 2019ஆம் ஆண்டிலேயே செங்கல்பட்டு தனி மாவட்டமாகிவிட்டது. 2021இல் பல்லாவரம் நகராட்சி தாம்பரம் மாநகராட்சியோடு இணைந்துவிட்டது. ஐம்பது ஆண்டு வாழ்ந்த ஊருக்கு ஆறு வரி. அதிலும் இரண்டு பிழை. எனக்குச் சினம் வந்தது. அந்தச் சினமே என்னை எழுத வைத்தது.

அந்தப் பக்கத்தின் மேற்புறத்தில் ‘தொகு’ என்றொரு சொல் இருக்கிறது. அதை அழுத்தினால் யார் வேண்டுமானாலும் எழுதலாம், திருத்தலாம். அச்சேறிய களஞ்சியங்களையே அறிந்த நமக்கு இது வியப்பளிக்கும். யாழ்ப்பாணத்து ஆ. முத்துத்தம்பிப்பிள்ளை 1902இல் அபிதான கோசத்தை வெளியிட்டார். ஆ. சிங்காரவேலு முதலியார் பல்லாண்டுகள் தனியொருவராய்த் திரட்டிய அபிதான சிந்தாமணி 1910இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் வழியே வெளிவந்தது. பெரியசாமித் தூரன் தலைமைப் பதிப்பாசிரியராக இருந்து, தமிழ் வளர்ச்சிக் கழகத்தின் கலைக்களஞ்சியத்தை 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாகக் கொணர்ந்தார். அவற்றுக்கெல்லாம் ஆசிரியர் உண்டு, பதிப்பாளர் உண்டு. 2001இல் ஆங்கிலத்திலும் 2003இல் தமிழிலும் தொடங்கிய விக்கிப்பீடியா போன்ற இணையக் களஞ்சியங்களுக்கு அப்படியொரு தனி ஆசிரியர் இல்லை. படிப்பவரே எழுதுபவர்; எழுதுபவரே ஒருவரை ஒருவர் திருத்துபவர். அப்படியானால் அங்கே எதை வேண்டுமானாலும் எழுதிவிடலாம் என்று நான் எண்ணினேன். அந்த எண்ணம் ஓர் இரவுகூட நிலைக்கவில்லை.

முதல் நாள் மூன்று பத்திகள் எழுதினேன். அவற்றின் முதல் வரி இன்றும் நினைவில் இருக்கிறது. ‘பதினைந்து இலட்சம் ஆண்டுகளுக்கு முன்பே மனித குலத்தின் முதல் கருவி தோன்றிய தொன்மை மண் பல்லாவரம்’ என்று எழுதியிருந்தேன். மேடையில் சொல்லியிருந்தால் நீங்கள் கைதட்டியிருப்பீர்கள். நானே இந்த ஊர் மேடைகளில் பலமுறை அப்படிச் சொல்லிக் கைதட்டல் பெற்றவன்தான். மறுநாள் காலை எழுந்து பார்த்தபோது அந்த வரி அங்கே இல்லை. அதை நீக்கியவர், கட்டுரையோடு இணைந்த உரையாடல் பக்கத்தில் இரண்டே வரி எழுதியிருந்தார்: ‘ஐயா, இதற்குச் சான்று தர இயலுமா? நீங்கள் குறிப்பிடும் காலக்கணிப்பு வேறோர் ஊருக்கு உரியதன்றோ?’

அவர் யார், எந்த ஊர், என்ன வயது, எதுவும் எனக்குத் தெரியாது. மாணவர்களின் விடைத்தாள்களில் சிவப்பு மையால் கோடிட்டே பழகிய கைக்கு, தன் வரியின் மேல் பிறர் கோடிடுவதைத் தாங்குவது எளிதாக இல்லை. நான்கு நாள் அந்தப் பக்கத்தைத் திறக்கவேயில்லை. ஐந்தாம் நாள், அவரை மறுப்பதற்காகவேனும் சான்று தேடவேண்டும் என்று கன்னிமாரா நூலகத்துக்குப் புறப்பட்டேன்.

அங்கே நான் அறிந்துகொண்டது இதுதான். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் பணியாற்றிய இராபர்ட் புரூஸ் ஃபூட் 1863ஆம் ஆண்டு மே 30ஆம் நாள், பல்லாவரத்துப் படைப் பயிற்சித் திடலை ஒட்டிய சரளைக்கல் குழியில், மனிதன் செதுக்கிய கல் ஒன்றைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழங்கற்காலக் கருவி என்று இனம் கண்டு பதிவு செய்யப்பட்ட முதற்கல் அது. இந்நாட்டில் பழங்கற்கால மனிதன் வாழ்ந்தான் என்னும் ஆய்வே அந்தக் கல்லிலிருந்துதான் தொடங்குகிறது. இது முழு உண்மை. இதற்குச் சான்றும் உண்டு. அதே ஆண்டு செப்டம்பரில் அவர் வில்லியம் கிங் என்பவரோடு சென்று, இன்றைய திருவள்ளூர் மாவட்டத்து அத்திரம்பாக்கத்தில் மேலும் பல கருவிகளைக் கண்டார். அத்திரம்பாக்கத்தில் பின்னாளில் சாந்தி பப்பு குழுவினர் அகழாய்வு செய்து, அங்குள்ள கருவிகள் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகள் பழமையானவை என்று 2011இல் அறிவித்தனர். ஆக, அந்தக் காலக்கணிப்பு அத்திரம்பாக்கத்துக்கு உரியது. பல்லாவரத்துக்கு உரியது கண்டெடுத்த பெருமை. நான் ஒன்றன் ஆண்டை எடுத்து மற்றொன்றின் தலையில் சூட்டியிருந்தேன்.

என் பிழை ‘முதல்’ என்னும் ஒரு சொல்லில் இருந்தது. முதலில் கிடைத்தது வேறு. முதலில் தோன்றியது வேறு. ஊர்ப்பற்று இவ்விரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது. அன்று மாலை உரையாடல் பக்கத்தில், ‘தங்கள் ஐயம் சரியே, என் பிழையைத் திருத்திவிட்டேன்’ என்று எழுதினேன். ஆசிரியப் பணியில் முப்பது ஆண்டுகளில் எழுதாத ஒரு வாக்கியம் அது.

அதற்குப் பிறகு கட்டுரையை ஒரு வரி ஒரு வரியாக எழுதலானேன். ஒவ்வொரு வரியின் இறுதியிலும் ‘இதை யார் சொன்னார்?’ என்ற கேள்விக்கு விடை இருக்கவேண்டும். இது ஏதோ மேலை நாட்டு வழக்கம் என்று முதலில் எண்ணியிருந்தேன். பிறகு நினைத்துப் பார்த்தால், தொல்காப்பியர் செய்தது இதைத்தானே? தாம் சொல்லும் இலக்கணத்தைத் தாமே படைத்ததாகக் கொள்ளாமல் ‘என்ப’ என்றும் ‘மொழிப’ என்றும் தமக்கு முந்தைய புலவர்மேல் ஏற்றிச் சொல்கிறார். சான்று காட்டுவது நமக்குப் புதிதன்று; நாம் கைவிட்ட பழக்கம். நாம் இன்று மேடைகளில் சொல்லும் ‘என்பர்’ என்பதற்குப் பின்னால் பெரும்பாலும் ஒருவரும் இருப்பதில்லை.

ஊர்ப்பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். பல்லவபுரம் என்பதே பல்லாவரம் என மருவிற்று என்று சொல்லப்படுகிறது. கேட்டவுடன் மனம் ஒப்பும் விளக்கம். ஆயினும் அதை ‘சொல்லப்படுகிறது’ என்ற அளவிலேயே எழுதினேன். பல்லவர்க்கும் இவ்வூர்க்கும் உள்ள தொடர்புக்கு அதைவிட உறுதியான சான்று நம் குன்றின்மேல் இருக்கிறது. ஐந்து அறைகள் கொண்ட அந்தக் குடைவரையில் முதலாம் மகேந்திரவர்மனின் பட்டப்பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியைச் சேர்ந்த படைப்பு அது. பிற்காலத்தில் அது தர்காவாயிற்று. இன்று இசுலாமிய அன்பர்கள் வழிபடும் இடம்.

இந்த இடத்தில் என் பேனா தயங்கியது. இதை எப்படி எழுதுவது? என் மூன்று பத்திகளில் இதற்கு முன்பு எழுதியிருந்த வாக்கியத்தில் ஒரு வருத்தம் ஒளிந்திருந்தது. வேறொருவர் அதை நீக்கி, வழிபாட்டிடம் என்ற செய்தியை மட்டும் வைத்திருந்தார். பல்லவன் மறைந்து போனான். இருவரும் உரையாடல் பக்கத்தில் ஒரு வாரம் கடிதம் எழுதிக்கொண்டோம். கடைசியில் இருவரும் ஒப்பிய வடிவம் இரண்டு வாக்கியங்கள்தாம். குடைவரை யாருடையது, எந்தக் காலத்தது என்பது ஒன்று. இன்று யார் வழிபடுகிறார்கள் என்பது மற்றொன்று. இரண்டுக்கும் இடையில் ‘ஆனால்’ என்ற சொல் இல்லை. அந்தச் சொல்லை எடுத்துவிட்டபோது கசப்பும் போய்விட்டது. நடுநிலை என்பது இரு தரப்புக்கும் பாதி பாதி பங்கிடுவது என்று எண்ணியிருந்தேன். உண்மையான இரண்டு செய்திகளை, நம் விருப்பு வெறுப்பைக் கலக்காமல் அருகருகே வைப்பதுதான் நடுநிலை என்பதை அன்று கற்றேன்.

அடுத்து மறைமலையடிகள். இங்கே என் தமிழ்க் காதல் கரை புரண்டது. ‘தமிழ்க்கடல், தனித்தமிழ்த் தந்தை, தமிழர் தம் தன்மான ஞாயிறு’ என்று அடுக்கியிருந்தேன். அடைமொழிகளை எல்லாம் யாரோ எடுத்துவிட்டார்கள். இம்முறை எனக்குக் கோபம் வரவில்லை. எஞ்சியதைப் படித்துப் பார்த்தேன். நாகப்பட்டினத்தில் 1876இல் பிறந்தவர். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் 1898 முதல் 1911 வரை தமிழாசிரியர். அதை விட்டு விலகிப் பல்லாவரத்தில் குடியேறி, பின்னர்ப் பொதுநிலைக் கழகம் எனப் பெயர் பெற்ற அமைப்பைத் தொடங்கியவர். 1916இல் தனித்தமிழ் இயக்கத்தைத் தோற்றுவித்தவர். வேதாசலம் என்ற தம் பெயரையும் மறைமலை என்று தமிழாக்கிக்கொண்டவர். தம் வீட்டிலேயே மணிமொழி நூல்நிலையத்தை வளர்த்தவர். 1950இல் மறைந்தவர். நண்பர்களே, கல்லூரிப் பதவியை விட்டு அன்றைய சிற்றூருக்கு வந்து, நூல்களுக்கு நடுவே முப்பத்தொன்பது ஆண்டுகள் வாழ்ந்த ஒருவருக்கு என் அடைமொழி எதற்கு? ஆண்டுகளே போதுமானவை.

மக்கள் தொகை வரியையும் திருத்தினேன். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் பல்லாவரம் நகராட்சியில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்தனர். ‘வாழ்கின்றனர்’ என்று இருந்ததை ‘வாழ்ந்தனர்’ என்று மாற்றி, ஆண்டையும் சேர்த்தேன். 2021இல் நடக்கவேண்டிய கணக்கெடுப்பு அவ்வாண்டு நடைபெறவில்லை; இடையில் நகராட்சியே மாநகராட்சிக்குள் அடங்கிவிட்டது. ஆண்டு குறிக்காத எண் நாள் செல்லச் செல்லப் பொய்யாகிவிடும். பழைய பல்லாவரம், ஜமீன் பல்லாவரம், ஈசா பல்லாவரம், கண்டோன்மென்ட் பல்லாவரம் என்று பல பல்லாவரங்கள் உள்ளதையும், வெள்ளிக்கிழமைச் சந்தையையும் சேர்த்தேன். 1931இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்தொடர்வண்டி ஓடத் தொடங்கியதை எழுதினேன். கட்டுரை ஆறு வரியிலிருந்து ஆறு பக்கமாயிற்று.

கடைசியாக நம் குன்றுகளின் கல்லைப் பற்றி எழுதினேன். நான் இன்று சொல்ல வந்த செய்தி இங்கேதான் இருக்கிறது.

பல்லாவரத்திலும் பரங்கிமலையிலும் கிடைக்கும் கருங்கல்லுக்கு அறிவியல் உலகில் ஒரு தனிப்பெயர் உண்டு: சார்னோக்கைட். கிழக்கிந்தியக் கம்பெனியின் வங்காள அதிகாரியாக இருந்த ஜாப் சார்னாக்கின் கல்லறை கொல்கத்தாவில், புனித யோவான் தேவாலய வளாகத்தில் உள்ளது. அந்தக் கல்லறையின்மேல் பதித்த கல்லை ஆராய்ந்த தாமஸ் ஹாலந்து என்ற புவியியல் அறிஞர், சென்னைப் பகுதியில் கிடைக்கும் கல்லும் அதுவும் ஒரே வகை என்று கண்டு, 1893இல் அந்தப் பாறைக்குச் சார்னாக்கின் பெயரையே சூட்டினார். இன்று உலகின் எந்த மூலையில் அவ்வகைப் பாறை இருந்தாலும் அதற்கு அதுவே பெயர். இதைச் சான்றுடன் எழுதி முடித்தபோது மிக நிறைவாக இருந்தது.

அந்த நிறைவோடு, என் பழைய மாணவர் ஒருவரின் தாயாரைப் பார்க்கப் போனேன். அவருக்கு வயது எண்பதைக் கடந்துவிட்டது. திரிசூலம் பக்கத்துக் கல்குவாரிகளில் சிறுமியாக இருந்தபோதே ஜல்லி உடைக்கத் தொடங்கியவர். ஊரைப் பற்றி எழுதுகிறேன் என்றதும் அவரே சொல்லத் தொடங்கினார். ஆண்கள் பாறையில் குழி போட்டு மருந்து கெட்டிப்பார்கள். வெடிக்கும் முன் உரக்கக் குரல் கொடுப்பார்கள். அந்தக் குரல் கேட்டால் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடவேண்டும். கல் தெறிக்காதிருக்கப் பழைய டயரை அறுத்து வளையமாக்கி, அதற்குள் கல்லை வைத்துச் சுத்தியால் அடிப்பார்கள். கூலி நாளுக்கு அன்று, அளவுக்கு. பெட்டி நிறைந்தால்தான் காசு. மழை வந்தால் பெட்டி நிறையாது. அவர் வலக்கைப் பெருவிரல் நகம் இன்றுவரை கோணலாகவே இருக்கிறது. நான் குறித்துக்கொண்டே வந்தேன். சார்னாக் கதையையும் அவருக்குச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்:

“அந்தத் தொரை கல்லுக்கு அடியில படுத்தாரு, கல்லுக்கு அவரு பேரு வச்சுட்டாங்க. ஏன் சார், நீங்க எழுதுறீங்களே, அதுல நாங்க கல்லு ஒடைச்சதும் வருமா?”

“வரும் அம்மா” என்று சொல்லிவிட்டு வந்தேன். அன்றிரவே எழுதினேன். நான்காம் நாள் உரையாடல் பக்கத்தில் கேள்வி வந்திருந்தது. முதல் நாள் என் வரியை நீக்கிய அதே அன்பர்தான். ‘ஐயா, மிக அரிய செய்தி. ஆனால் சான்று இல்லையே. வெளியான நூலோ கட்டுரையோ உண்டா?’

எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. ‘அந்த அம்மையாரின் கைவிரலே சான்று’ என்று எழுதினேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. ‘தங்களுக்கு அது சான்று, தங்களை அறியாத படிப்பவருக்கு அது எப்படிச் சான்றாகும்? நாளை வேறொருவர் வந்து, யாரோ தமக்குச் சொன்னதாகப் பொய் ஒன்றை எழுதினால், தங்கள் வரியை வைத்துக்கொண்டு அவர் வரியை நான் எப்படி நீக்குவேன்? அந்த அம்மையார் சொன்னதை முறையாகப் பதிவு செய்து எங்கேனும் வெளியிடுங்கள். அதன் பிறகு இதைப் பேசலாம்’ என்று விடையளித்தார்.

பல நாள் அந்த விடையோடு போராடினேன். முடிவில் அவர் சொன்னதே சரி என்று பட்டது. என் அத்திரம்பாக்கப் பிழையைத் தடுத்த விதியும் அந்த அம்மையாரின் உண்மையைத் தடுத்த விதியும் ஒன்றே. ஒன்றுக்கு மட்டும் அதைத் தளர்த்த முடியாது. விதியில் குறையில்லை, ஆனால் அது எல்லார்மேலும் ஒரே பளுவாக விழவில்லை. மன்னன் தன் பட்டத்தைக் கல்லில் வெட்டினான். ஃபூட் தம் குறிப்பை அச்சில் ஏற்றினார். அடிகள் நூல்களை எழுதினார். அவர்களுக்கெல்லாம் சான்று இருக்கிறது. கல்லை உடைத்தவர்களைப் பற்றி எழுதி வைக்கவேண்டியவர்கள் யார்? ஐம்பது ஆண்டு இதே ஊரில் பேனாவும் கையுமாக வாழ்ந்த நான் எழுதவில்லை. பத்து ஆண்டு மாதந்தோறும் கூடிய நாமும் எழுதவில்லை. கலைக்களஞ்சியத்தில் அந்த வரி இல்லாமல் போனது களஞ்சியத்தின் குற்றமன்று; நம் குற்றம்.

ஆகவே, நம் வட்டத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறேன். பதினோராம் ஆண்டில் மாதம் ஒருவராக, இவ்வூரின் முதியவர் பன்னிருவரைச் சந்திப்போம். குவாரியில் உழைத்தவர், தோல் பதனிடும் தொழிற்சாலையில் வேலை செய்தவர், சந்தையில் கடை போட்டவர், தொடர்வண்டிப் பாதையில் பணிபுரிந்தவர் என்று தேடிப் போவோம். அவர்கள் இசைவு பெற்று, அவர்கள் சொல்லிலேயே, நம் இலக்கியத் தமிழைப் பூசாமல் எழுதிக்கொள்வோம். சொன்னவர் யார், கேட்டவர் யார், எந்த இடம், எந்த நாள் என்பவற்றைத் தவறாமல் குறிப்போம். ஒருவர் சொன்னதை மற்றொருவர் மறுத்தால் இரண்டையும் பதிவோம். அச்சிட்டுக் கன்னிமாரா நூலகத்துக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கும் படி அனுப்புவோம்.

அப்படிச் செய்துவிட்டால் உடனே களஞ்சியத்தில் இடம் கிடைத்துவிடும் என்று நான் உறுதி கூறமாட்டேன். நாமே எழுதி, நாமே அச்சிட்டு, அதை நாமே சான்றாகக் காட்டுவது முறையும் அன்று. நம்மை அறியாத ஓர் ஆராய்ச்சி மாணவர் நாளை அந்த நூலை எடுத்துப் பார்க்கட்டும், பிறவற்றோடு ஒப்பிடட்டும், ஐயுறட்டும், பின்னர் எழுதட்டும். அதற்குப் பத்து ஆண்டு ஆகலாம். ஆனால் அந்த மாணவர் வரும் நாளில் நூல் இருக்கவேண்டும். அம்மையார் அன்று இருப்பாரா என்பது நம் கையில் இல்லை.

சென்ற வாரம் அவரை மீண்டும் பார்த்தேன். “அம்மா, நீங்கள் சொன்னது இன்னும் வரவில்லை. முதலில் நீங்கள் சொன்னதைப் புத்தகமாகப் போடவேண்டுமாம்” என்றேன். நான் பயந்தபடி அவர் வருந்தவில்லை. “அப்படின்னா நல்லா எழுதிக்கோங்க சார். அன்னிக்கு அவசரத்துல பாதிதான் சொன்னேன்” என்றார்.

அந்த மீதிப் பாதியைக் கேட்க வரும் ஞாயிற்றுக்கிழமை காலை செல்கிறேன். என்னோடு வர விரும்புவோர், கூட்டம் முடிந்ததும் செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம். குறிப்பேடு ஒன்று கொண்டு வந்தால் போதும்.